வாயு எடுத்த பின் மிஞ்சும் ஸ்லரி

ஜாம் பஜாரில் மிஞ்சும் முட்டைகோஸ் தழை, மேன்சன்வாசிகளை நம்பி நடக்கும் மெஸ்களின் எச்சில் இலை, பார்த்தசாரதி கோயிலில் கழியும் துளசி மாலை: திருவல்லிக்கேணியின் ஈரக்குப்பை இதுதான். இத்தகைய குப்பையைக் காற்றுப்புகாத் தொட்டியில் செரிக்கவைத்து எரிவாயு எடுப்பது சென்னைக்குப் புதிதல்ல. கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கான ஆலை 2005-லேயே வந்தது. பின்னாளில் சேத்துப்பட்டில் 100 டன் திறனுள்ள ஆலையும் அமைந்தது.

பேச்செல்லாம் வாயுவைப் பற்றியே இருக்கிறது. ஆனால் வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரிமம்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஸ்லரியிலேயே தங்குகின்றன. தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியமாக மாறியிருப்பதால் பயிர் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். சாதாரண கம்போஸ்டுக்கு இந்த வேகம் கிடையாது.

சிக்கலும் அந்த அம்மோனியத்தில்தான். ஸ்லரியைத் திறந்த களத்தில் வெயிலில் காயவைத்தால் அம்மோனியம் அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். களத்தில் நிற்பவருக்கு மூக்கு எரியும். பிழிந்து பிரித்தால் மணிச்சத்தின் பெரும்பகுதி சக்கையில் நிற்கும். அம்மோனியமும் சாம்பல்சத்தும் நீரோடு இறங்கும். அந்த நீரைச் சாக்கடையில் விடும் ஆலை, உரத்தின் நல்ல பங்கைத் தானே கொட்டிவிடுகிறது.

சக்கையையும் அப்படியே வயலுக்கு அனுப்பக் கூடாது. 35 டிகிரிச் சூட்டில் நடக்கும் செரிமானம் நோய்க்கிருமிகளை முழுதாகக் கொல்லாது. குவித்துப் புரட்டி, 55 டிகிரிக்கு மேல் சில நாள் வைத்தாக வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது உப்பும் பிளாஸ்டிக்கும். மெஸ்ஸில் மிஞ்சிய சாம்பாரிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு எந்தத் தொட்டியிலும் செரிக்காது. ஏற்கெனவே உவர் ஏறிய நிலத்துக்கு அந்த உரம் கெடுதல். சாம்பார் கட்டிக்கொடுத்த கவர் அரவையில் நுணுங்கிவிட்டால் பிறகு எந்தச் சல்லடையாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. தரம் பிரிக்காத குப்பைக்கு எவ்வளவு நல்ல இயந்திரம் வைத்தாலும் விவசாயி கைக்குப் போவது பிளாஸ்டிக் கலந்த உரமே.

இந்த ஸ்லரியிலிருந்து வரும் நொதித்த அங்கக உரத்தை அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்ததும், 2023-இல் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்ததும் சரியான அடிகள். ஆனால் திரவ உரம் பெரும்பாலும் தண்ணீர்; லாரி வாடகைக்கே விலை போய்விடும். எனவே ஆலைக்கு ஒப்பந்தம் போடும்போதே, திருவள்ளூர், செங்கல்பட்டுக் காய்கறித் தோட்டங்களில் அதை வாங்குவோர் யார், மழைக்காலத்தில் அது எந்தத் தொட்டியில் தேங்கும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.