புளியங்கொட்டையும் ஓ.எம்.ஆர். தாளும்

360-க்கு எத்தனை காரணிகள்? தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரைக் கேட்டாலும் பத்து நொடிக்குள் 24 என்று சொல்லிவிடுவார்கள். 360-ஐப் பகா எண்களாக உடைத்தால் மூன்று 2, இரண்டு 3, ஒரு 5. ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டினால் 4, 3, 2. பெருக்கினால் 24. சரி, ஒன்றை ஏன் கூட்டுகிறோம்? மாலை வகுப்பு ஒன்றில் சில மாதங்கள் கணக்கு எடுத்தபோது இதைக் கேட்டேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: "அது ஃபார்முலா சார்."

அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் வினாவுக்கு 54 நொடி. அதில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும். காரணி, மீ.பொ.வ., மீ.பொ.ம. எல்லாம் அந்த இருபத்தைந்துக்குள் வருபவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான்: 68.5 விழுக்காடு. வீட்டில் முதல் ஆளாகப் படித்து வந்தவருக்கு கிராம நிர்வாக அலுவலர் வேலையும் இளநிலை உதவியாளர் வேலையும் வீட்டையே தூக்கி நிறுத்தும். எட்டாம் வகுப்பிலேயே என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அப்பனின் பிள்ளையிடம் "குறுக்குவழி வேண்டாம், கோட்பாட்டைப் படி" என்று சொல்வது, வயிறு நிறைந்தவன் சொல்லும் யோசனை.

ஆனாலும் அந்த மௌனம் உறுத்தியது. மறுநாள் ஒரு பை புளியங்கொட்டையோடு போனேன். இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. 12 கொட்டைகளைச் செவ்வகமாக அடுக்கச் சொன்னேன். ஒரு வரிசையில் பன்னிரண்டு, இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நான்கு நான்கு. 13 கொட்டை கொடுத்தால் ஒரே நீள வரிசைதான், வேறு எப்படியும் அடுக்க முடியாது. பகா எண் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. காரணிப் புதிர்களுக்கு இதுதான் பெரிய பலம் என்பது என் கணிப்பு. கருவி வேண்டாம், காசு வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் உள்ளே போனால் ஆழம் தெரியாது.

ஒன்றைக் கூட்டுவதன் காரணமும் டீக்கடையிலேயே இருக்கிறது. தட்டில் மூன்று வடை. எத்தனை விதமாக எடுக்கலாம்? ஒன்று, இரண்டு, மூன்று, அல்லது "வேண்டாம்". ஆக நான்கு விதம். 360-இன் ஒரு காரணியை உருவாக்கும்போது மூன்று 2-களில் ஒன்றையும் தொடாமல் விடலாம். அந்த "வேண்டாம்"தான் நாம் கூட்டும் ஒன்று. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஓராண்டு பயிற்சியில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைக்காமல் போவதுதான் சூத்திர மனப்பாடத்தின் முதல் குறை.

காரணம் தெரியாத சூத்திரம் எல்லை தாண்டினால் காலை வாரிவிடும். இரண்டு எண்களின் மீ.பொ.வ.வையும் மீ.பொ.ம.வையும் பெருக்கினால் அந்த எண்களின் பெருக்கற்பலன் வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 4, 6, 10 என்று மூன்று எண்களைக் கொடுத்தேன். மீ.பொ.வ. 2, மீ.பொ.ம. 60, பெருக்கினால் 120. ஆனால் 4, 6, 10 மூன்றையும் பெருக்கினால் 240. பாதிப் பேர் என் கணக்கில்தான் தப்பு என்று கடைசிவரை நம்பினார்கள்.

மனப்பாடம் இன்றைய கோச்சிங் வகுப்புகள் கண்டுபிடித்த நோய் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைக் கத்திக் கத்திப் படித்தவர்கள் நம் முன்னோர். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. பாதியும் காலும் ஐந்தில் ஒன்றும் எவ்வளவு அழகாக அதில் அடங்குகின்றன! ஆனால் 320-ஐ உடைத்தால் 2-களும் ஒரு 5-உம் மட்டுமே, 3 இல்லை. அதனால் மூன்று அண்ணன் தம்பிகள் சமமாகப் பிரிக்கும் பங்கை முந்திரியில் முழுதாகச் சொல்ல முடியாது. எண்சுவடியைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் வகுப்பில் திறந்து காட்டலாம். நல்ல காரணிப் புதிர் அது.

வினாத்தாளில் வரும் "நடைமுறைக் கணக்கு"களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்கோட்டுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, பென்னாகரத்துக்கு 20, அரூருக்கு 25. காலை 6 மணிக்கு மூன்றும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது? 300 நிமிடம் கழித்து, 11 மணிக்கு. தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒருநாள் நின்றவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இனி புதிர்ப் பிரியர்களின் பக்கம். அவர்களிடமும் குறை உண்டு. ஊர் ஊராகச் சுற்றும் பழைய புதிர் ஒன்று. மூன்று பெண்பிள்ளைகள், வயதுகளைப் பெருக்கினால் 36, கூட்டினால் எதிர்வீட்டுக் கதவு எண். கணக்கெடுக்க வந்தவர் கதவு எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் தெரியவில்லையம்மா" என்கிறார். "மூத்தவள் தூங்குகிறாள்" என்கிறார் தாய். உடனே விடை கிடைத்துவிடுகிறது. எப்படி? 36-ஐ மூன்று எண்களின் பெருக்கலாக எட்டு விதமாக எழுதலாம். கூட்டுத்தொகைகளில் 13 மட்டும் இரண்டு முறை வரும்: 1, 6, 6 மற்றும் 2, 2, 9. கதவு எண்ணைப் பார்த்த பிறகும் தெரியவில்லை என்றால் அது 13-ஆகத்தான் இருக்க வேண்டும். மூத்தவள் என்று ஒருத்தி தனியாக இருப்பதால் 2, 2, 9.

இதை வகுப்பில் பெருமையோடு விடுவித்துக் காட்டினேன். "ஃபார்முலா" என்று சொன்ன அதே பெண் எழுந்தார்: "இரட்டைப் பிள்ளையிலும் மூத்தவள் உண்டே சார்?" என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் ஐந்து நிமிடம் முன்னால் பிறந்தவளும் அக்காதான். புதிர் போட்டவரின் வழக்கம் தெரிந்தவருக்கே இந்தப் புதிர் திறக்கும். முன்பே கேட்டவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார், கேட்காதவர் மக்கு. அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு பழக்கத்தை அளக்கும் இந்தக் குணம், சூத்திர மனப்பாடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆனாலும் அந்தப் புதிரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் "தெரியவில்லை" என்ற சொல்தான் துப்பு. எட்டு வழிகளையும் எழுதிப் பார்த்தவருக்கே அந்தச் சொல்லின் எடை தெரியும். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளிலும் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: "விடை தெரியவில்லை". அதை நிரப்பினால் மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான். எதுவரை தெரிந்தது, எங்கே தடுக்கியது என்று சொல்ல அந்த வட்டத்தில் இடமில்லை.

டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் இராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு 1729 என்று ஒப்பிக்கிறோம். பக்கத்து ஈரோட்டில் பிறந்தவர். எஃப்.ஏ. தேர்வில் தேறாமல், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர். அவரும் நம் குரூப் 4 ஆள்தான்! 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை முழுக்கக் காரணிகளைப் பற்றியது: தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதல் காரணிகள் கொண்ட எண்கள். 360 அந்த வரிசையில் ஒன்று. கையாலேயே கணக்கிட்டு நீண்ட பட்டியல் போட்டார். அதில் 2,93,31,86,25,600 என்ற ஓர் எண் மட்டும் விட்டுப்போனது. மாலை போடும் நாளில் இந்தப் பட்டியலின் முதல் பத்து எண்களைப் பிள்ளைகளே தேடட்டும் என்று விட்டால் என்ன?

குறுக்குவழியை ஒழிக்க வேண்டியதில்லை. கொட்டையை அடுக்கிய பிறகு அது வரட்டும். ஆனால் வினாத்தாள் மாறாமல் வகுப்பு மாறாது. ஆகவே வினா எடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "360-க்கு எத்தனை காரணிகள்" என்பதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: 1 முதல் 100 வரை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணிகள் கொண்ட எண்கள் எத்தனை? நான்கு விடைகளுக்குள் இதுவும் அடங்கும். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தப்பிக்க முடியாது. காரணிகள் சோடி சோடியாக வரும், சதுரமாக அடுக்க முடிகிற எண்ணில் மட்டும் ஒன்று தனியாக நிற்கும். விடை 10.