திரும்பும் வழியும் தந்தை வீட்டு உணவும்

பாரிஸில் வாயிற்காவலும் கொத்துவேலையும் செய்து பல்லாண்டுகள் கழித்த போர்த்துக்கீசியத் தம்பதியருக்குத் தாயகத்தின் டூரோ பள்ளத்தாக்கில் மரபுரிமையாக வீடு கிடைக்கிறது. ரூபன் ஆல்வெஸ் இயக்கிய ‘பொற்கூண்டு’ (2013) என்னும் திரைப்படத்தின் கதை இது. அவர்கள் உழைப்பில் சுகம் கண்டோர் அவர்களைப் போகவிட மனமின்றித் தவிக்கின்றனர். அன்பும் தன்னலமும் பின்னிக் கிடப்பதை நகைச்சுவையோடு காட்டியிருப்பது படத்தின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை. படம் வெளிவந்த அதே ஆண்டுகளில், பொருளாதார நெருக்கடியால் போர்த்துக்கல்லை விட்டு வெளியேறிய பட்டதாரி இளைஞர் பலருக்கு இத்தகைய வீடு காத்திருக்கவில்லை. திரும்பி வருவோரின் ஊதியத்தில் பாதிக்கு வரிவிலக்கு அளிக்கும் திட்டத்தை அரசு 2019-இல் தொடங்கியது. வேலையே நிலையற்றதாயின் வரிவிலக்கால் பயன் என்ன? தந்தையின் வீட்டில் கூலியாட்களுக்கும் நிறைவான உணவு உண்டு என்னும் நினைவன்றோ ஊதாரி மைந்தனை எழுந்து நடக்கச் செய்தது! அந்த உணவைப் பற்றிப் படம் பேசவில்லை.