எஃகின் எடையைத் தீட்டியவர்கள்

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளை வரைந்த ஓவியம் ஒன்றைக் காட்டினால், பெரும்பாலோர் கண் முதலில் பீரங்கிக் குழலுக்குத்தான் போகும். நான் சங்கிலிப் பட்டையையும் அதன் கீழே உள்ள மண்ணையும் பார்ப்பேன். டைகர் டாங்கியின் எடை ஏறத்தாழ 57 டன். பாந்தர் சுமார் 45 டன். அவ்வளவு எடை ஒரு வயலில் ஏறி இறங்கினால் மண் சும்மா இருக்காது. பிதுங்கும், பிளக்கும், ஈரம் இருந்தால் சக்கரங்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். அந்த மண்ணை வரையத் தெரிந்தவர் கையில்தான் டாங்கி தரையில் நிற்கும். தெரியாதவர் கையில், ஒவ்வொரு திருகாணியும் கொக்கியும் அதனதன் இடத்தில் இருந்தாலும் வண்டி காகிதத்தில் மிதக்கும்.

இதைப் போர்க்கருவிப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஓவியனுக்கு இது கடினமான பரீட்சை. அசையும் எஃகு, கலைந்துபோகும் புகை, அஞ்சி நிற்கும் மனிதன் என்று தன்மையில் ஒட்டாத மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் சேர்க்க வேண்டும். அதோடு இன்னொரு கேள்விக்கும் ஓவியன் பதில் சொல்லியாக வேண்டும். பார்க்கிற நம்மை அவன் எங்கே நிறுத்துகிறான்? டாங்கிக்கு முன்னாலா, பின்னாலா, அது செத்துக் கிடக்கும்போது பக்கத்திலா? இந்தக் கலையின் தரம் கடைசியில் அந்த இடத்தைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

முதலில் கைத்திறனைப் பார்ப்போம். டைகரின் தகடுகள் பெரும்பாலும் செங்குத்தானவை. வெளிச்சம் ஒரு பக்கத்தில் முழுதாக விழும். அடுத்த பக்கம் சட்டென்று இருண்டுவிடும். பாந்தர் அப்படியல்ல. அதன் முன்தகடு 80 மில்லிமீட்டர் கனத்தில், நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தது. சாய்ந்த தகடு வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் வானத்தின் நிறம் அதில் இறங்கும். மேகமூட்டமான நாளில் அந்தத் தகட்டில் சாம்பல் நீலம் ஒரு பூச்சாவது இல்லையென்றால், ஓவியர் வெளியில் நின்று இரும்பைப் பார்த்ததில்லை என்று முடிவு கட்டிவிடலாம். 1943-ன் பிற்பகுதியிலிருந்து சுமார் ஓராண்டு காலம், காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ஜெர்மன் டாங்கிகளில் சிம்மரிட் என்ற பசையை வரிவரியாகப் பூசினார்கள். அந்த வரிகள் பளபளப்பை விழுங்கிவிடும். 1943 ஜூலையில் நடந்த குர்ஸ்க் போரை வரைகிறவர் டைகரின் மேல் சிம்மரிட் பூசினால் காலக்கணக்கு தவறிவிட்டது என்று பொருள். நிறத்துக்கும் இதே கணக்கு உண்டு. 1943 தொடக்கம்வரை அடர்ந்த சாம்பல்; அதன் பிறகு கருமஞ்சள் அடிப்பூச்சு, அதன்மேல் படைவீரர்களே தெளித்துக்கொண்ட பச்சையும் செம்பழுப்பும்.

சங்கிலிப் பட்டையிலும் பார்க்க நிறைய இருக்கிறது. டைகரை இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பட்டையின் மேற்பகுதி தொய்ந்து, சக்கரங்களின் முதுகில் படுத்துக் கிடக்கும். பாரத்தோடு முன்னேறும்போது அதே மேற்பகுதி இழுபட்டு இறுகும். பாய்ந்து வரும் டைகருக்குத் தொய்ந்த பட்டை போட்டிருந்தால், பார்வையாளனுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று உறுத்தும். டைகரின் 88 மில்லிமீட்டர் பீரங்கி சுடும் காட்சியும் இப்படித்தான். குழல் முனையில் இருக்கும் தடுப்பு வெடிவாயுவை இரண்டு பக்கமும் திருப்பிவிடும். அதனால் நெருப்பும் புகையும் பக்கவாட்டில் விரியும். தரையில் கிடக்கும் புழுதி கிளம்பி வண்டியின் மூக்கையே மறைக்கும். குழலிலிருந்து நேராக ஒரு தீநாக்கு மட்டும் நீண்டால் அது வாணவேடிக்கை.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பெரிய சிக்கல் மீதி இருக்கும். அது தூரம். டைகரின் குறிவைப்பாளர் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வண்டியைத் தாக்கக்கூடியவர். அந்தத் தூரத்தை உள்ளபடி வரைந்தால் எதிரி டாங்கி ஒரு புள்ளிதான். சட்டத்துக்குள் போரே இருக்காது. எனவே ஓவியர்கள் தூரத்தைச் சுருக்குகிறார்கள். திரும்பத் திரும்ப இரண்டே போர்கள் தீட்டப்படுவதற்கும் இதைத்தான் காரணமாகப் பார்க்கிறேன். ஒன்று, 1943 ஜூலை 12 அன்று புரோகோரோவ்காவில் சோவியத் டி-34 டாங்கிகள் ஜெர்மன் டாங்கிகளை நெருங்கிப் பாய்ந்தது. மற்றது, 1944 ஜூன் 13 அன்று நார்மண்டியின் வில்லெர்-போக்காஜ் ஊருக்குள் ஜெர்மன் டாங்கி அதிகாரி மிக்கேல் விட்மன் தன் டைகரோடு நுழைந்து பிரிட்டிஷ் வண்டிகளைக் கையெட்டும் தூரத்தில் சுட்டது. இந்த இரண்டிலும் தூரத்தைச் சுருக்கும் வேலையை ஓவியருக்கு முன்பே வரலாறு செய்துவிட்டது.

போர் நடந்த காலத்திலேயே ஜெர்மன் ராணுவம் ஓவியர்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பியது. போருக்குப் பிறகு கோர்டன் கில்கி என்ற அமெரிக்க கேப்டன் அந்தப் படங்களைத் தேடித் திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். கிட்டத்தட்ட 9 ஆயிரம் படங்கள். பெரும்பகுதி 1980-களில் ஜெர்மனிக்குத் திரும்பியது. வியன்னாவில் பிறந்த ஹன்ஸ் லிஸ்கா அந்தக் காலத்து வேகமான கை. சிக்னல் பிரசார இதழில் அவர் கோடுகள் ஓடின. போருக்குப் பின் மெர்சிடஸ்-பென்ஸ் விளம்பரங்களை வரைந்ததும் அதே கைதான். நாலைந்து கோடுகளில் ஒரு வண்டியை ஓடவைக்கும் அவர் திறமையை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் இவ்வகைப் பிரசாரச் சித்திரங்கள் நம்மை டாங்கியின் தோழனாக நிறுத்துபவை. வண்டியோடு சேர்ந்து நாமும் போகிறோம். யார் வீட்டை நோக்கிப் போகிறோம் என்பது சட்டத்துக்கு வெளியே விடப்பட்டிருக்கும்.

சோவியத் ஓவியர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். கிரெக்கோவ் ராணுவ ஓவியர் கூடத்தைச் சேர்ந்த பியோத்தர் கிரிவோனோகவ் 1949-ல் தீட்டிய குர்ஸ்க் போர் ஓவியம் தீயும் கரும்புகையுமாக மோதலின் நடுவிலேயே நம்மைத் தள்ளிவிடுகிறது. அதே கூடத்தின் மூன்று ஓவியர்கள் பெல்கோரத் நகரில் உருவாக்கிய வளைதிரை ஓவியம் 1987-ல் திறக்கப்பட்டது. நீளம் 67 மீட்டர், உயரம் 15 மீட்டர். ஓவியத்துக்கு முன்னால் நிஜமான மண்ணும் சிதைவுகளும் பரப்பி, தரை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும்படி செய்வது இந்த வகையின் உத்தி. எடைக்கு ஓவியர்கள் கண்டுபிடித்த துணிச்சலான விடை இது. வண்ணத்தால் முடியாததை அளவால் சாதிக்கிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பில் தனி மனிதனின் முகம் தேடினால்தான் கிடைக்கும்.

என்னை அதிகம் கட்டிப்போட்ட ஓவியம் கனடாவில் இருக்கிறது. சார்ல்ஸ் கம்ஃபர்ட் 1944-ல் தீட்டிய 'ஹிட்லர் அரண்' என்ற எண்ணெய் வண்ண ஓவியம் ஒட்டாவாவின் கனடியப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1944 மே 23 அன்று இத்தாலியின் லிரி பள்ளத்தாக்கில் கனடியப் படை நடத்திய தாக்குதல் அதன் பொருள். அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள்தான் அதே பள்ளத்தாக்கின் வாயிலில் இந்திய 8-வது டிவிஷன் கனடிய டாங்கிகளின் துணையோடு காரி ஆற்றைக் கடந்திருந்தது. ரோமுக்குப் போகும் வழியை மறித்த இந்த அரணில் ஜெர்மானியர் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். பாந்தர் டாங்கியின் சுழல் கோபுரத்தை மட்டும் எடுத்து, தரையில் புதைத்த தளத்தின் மேல் பொருத்தியிருந்தார்கள். தரைமட்டத்தில் பதுங்கிய அந்த நீண்ட பீரங்கிகள் காலாட்படைக்குத் துணையாக வந்த சர்ச்சில் டாங்கிகளைக் கடுமையாகத் தாக்கின.

கம்ஃபர்ட் அந்தக் கோபுரத்தைத் தோற்ற பிறகு வரைகிறார். நீண்ட குழல் வானத்தை நோக்கித் தூக்கி நிற்கிறது. அதற்கு இனி சுட எதுவும் இல்லை. அதைக் கடந்து, முதுகு வளைந்த காலாட்படையினர் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள். சிதைந்த மரங்கள், புகை, மங்கிய பழுப்பும் சாம்பலும். போருக்கு முன் டொரண்டோ பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு அவர் தொழிலாளர்களையும் எந்திரங்களையும் சுவரோவியங்களாகத் தீட்டியவர். அந்தப் பயிற்சி இங்கே தெரிகிறது. குழலின் சாய்கோடு முழு ஓவியத்தையும் தாங்கும் உத்திரம். மனிதர்களின் வளைந்த முதுகுகள் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கின்றன. எஃகு மேலே போகிறது, மனிதன் கீழே குனிகிறான். இந்த இழுபறியில்தான் எடை பிறக்கிறது. இத்தனைக்கும் இந்த ஓவியத்தில் ஓடும் டாங்கி ஒன்றுகூட முதன்மையாக இல்லை! அதே அரணில் கிடந்த ஒரு ஜெர்மன் வீரனின் பிணத்தையும் கம்ஃபர்ட் நீர்வண்ணத்தில் பதிவு செய்திருக்கிறார். பீரங்கிக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருந்தான் என்பதை அவர் விட்டுவிடவில்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவத்திலும் எனக்குப் பிரியமான ஒருவர் உண்டு. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டு அடி வாங்கியது. பிறகு அவர்கள் துணிந்து எடுத்தது மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி. பேட்டரிகள் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவு தீர்மானமானது. அது 1/35 என்ற விகிதத்துக்கு வந்து நின்றது. இன்று உலகம் முழுவதும் டாங்கி மாடல்களுக்கு அதுவே வழக்கமான அளவு. அந்தப் பெட்டியின் படத்துக்காக நிறுவனத்தைச் சேர்ந்த ஷுன்சாக்கு தமியா அணுகியது, சிறுவர் பத்திரிகைகளில் புகழ்பெற்றிருந்த கொமாட்சுஸாக்கி ஷிகெருவை. நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு.

கொமாட்சுஸாக்கியின் பெட்டிப் படங்களில் பார்வை பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். டாங்கி நம்மீது ஏறி வருகிறது. பின்னால் வானம் எரியும், இன்னொரு வண்டி வரும், விமானம் சாயும். பெட்டிக்குள் இருப்பதோ ஒரே ஒரு டாங்கி. ஆனால் பையன் வாங்கிப் போவது முழுப் போரையும். அவருடைய சீடர் தக்கானி யோஷியுக்கி அந்த வேகத்தோடு சேற்றையும் தேய்மானத்தையும் கூட்டினார். பிற்பாடு தமியா பெட்டிகள் வெள்ளைப் பின்னணிக்கு மாறின. தீயும் வானமும் போய்விட்டன. எடையைக் காட்ட ஓவியருக்கு எஞ்சியது பட்டையும், அதில் ஒட்டிய மண்ணும், கீழே விழும் சிறு நிழலும் மட்டுமே. அந்த வெள்ளைப் பெட்டிகளின் சிறந்த படங்களை நான் மிக உயர்ந்த கைவேலையாக மதிக்கிறேன். சாக்குப்போக்குச் சொல்ல அங்கே புகை இல்லை.

ஆனால் பெட்டிப் படத்தில் பிணம் கிடையாது. இருக்கவும் முடியாது, அது விளையாட்டுச் சாமானின் முகம். அதன் வரம்பு தெரிந்து ரசிப்பதில் தவறில்லை. எனக்கு ஒவ்வாதது, பெரியவர்களின் சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டும் அதே வரம்புக்குள் நின்றுவிடும் ஓவியங்கள்தான். வில்லெர்-போக்காஜில் விட்மனின் டைகரை இன்றும் தீட்டுகிறார்கள். பட்டை சரி, நிறம் சரி, குழல்முனைப் புகை சரி. விட்மன் நாஜிகளின் எஸ்எஸ் படையின் அதிகாரி என்பதும், அந்தத் தெரு ஒரு சிற்றூரின் கடைத்தெரு என்பதும், அதே மாதக் கடைசியில் குண்டுவீச்சில் அந்த ஊர் நொறுங்கியது என்பதும் சட்டத்துக்குள் வருவதில்லை. எஃகின்மேல் காட்டிய கவனத்தில் கால்பங்கை ஒரு கடையின் கதவுக்கும் ஒரு ஜன்னல் திரைக்கும் கொடுத்திருந்தால் அந்த ஓவியங்கள் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இந்தக் கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கொமாட்சுஸாக்கியிடமிருந்தும் தக்கானியிடமிருந்தும் தொடங்கட்டும். இரும்பைப் பார்க்கும் கண்ணை அவர்களைப்போலக் கற்றுத் தருகிறவர்கள் குறைவு. அந்தக் கண்ணோடு கம்ஃபர்டிடம் போகவேண்டும். டாங்கியை எவ்வளவு துல்லியமாகத் தீட்டினாலும், அது யார்மேல் ஏறியது என்று தெரிந்தால்தான் அதன் முழு எடையும் தெரியும். அந்த எடையைத் தீட்டியவரே இந்தக் கலையின் ஆசான்.