வேலையை விடும்போது விசுவாசம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பது தமிழ்ச் சபைகளில் பலருக்குப் பழக்கம். பெரும்பாலானோருக்கு அது ஓராண்டுக்கான ஆறுதல். பர்ஸில் வைத்துக்கொள்வார்கள், அல்லது பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்கள். வேலையை விடலாமா, சொந்தத் தொழில் தொடங்கலாமா, முழுநேர ஊழியத்துக்கு வரலாமா என்று மாதக்கணக்கில் மருகிக்கொண்டிருப்பவர் கையில் மட்டும் அதே அட்டை ராஜினாமாக் கடிதத்துக்கு அனுமதிச்சீட்டாகிவிடுகிறது.

தொழில் மாறும் ஒருவருக்கு விசுவாசம் இரண்டு வகையில் துணை நிற்கிறது. எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கும்போது அதைத் தேடுகிறார். போன வழியில் சோர்ந்து விழாமல் இருக்கவும் அதையே பற்றிக்கொள்கிறார். இரண்டாவதில் அதன் பலம் பெரிது. முதலாவதில் நம்மில் பலர் அதைக் கையாளும் விதம் பிழையானது என்பது என் கருத்து. விசுவாசத்தை மதிப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். தேவனுடைய எண்ணம் நமக்கு நன்மையானது, நம்பியிருக்க ஒரு முடிவு உண்டு என்னும் பொருள் கொண்ட வசனம். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனமே 70 ஆண்டுக் கணக்கைச் சொல்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று முந்தைய அதிகாரம் காட்டுகிறது. பிடிக்காத இடத்தில் நீண்ட காலம் இருந்து வாழச் சொன்ன கடிதத்திலிருந்து ஒற்றை வரியை உருவி, உடனே கிளம்புவதற்குச் சான்றாக்குகிறோம். முழு அதிகாரத்தையும் படித்துவிட்டு ஒருவர் வேலையை விட்டால் எனக்கு மறுப்பில்லை. அட்டையின் அளவு அதிகாரத்தைப் படிக்க விடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

‘வாசல் திறந்தது’ என்பது அடுத்த அடையாளம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தால் கர்த்தர் வாசலைத் திறந்தார். விசா மறுக்கப்பட்டால் வாசலை அடைத்தார். காரியம் எளிதாக நடந்தால் தேவசித்தம் என்ற இந்தக் கணக்கை வேதாகமமே ஏற்கவில்லை. நினிவேக்குப் போகச் சொன்னபோது யோனா எதிர்த்திசையில் ஓடினார். யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது. கட்டணம் கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. ஓடிப்போகிறவருக்கு எல்லாம் கூடிவந்தது. தோலை விரித்து அடையாளம் கேட்ட கிதியோனும் நமக்கு முன்மாதிரி இல்லை. என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பயத்தால் மீண்டும் கேட்டார்.

தேவாலய உச்சியில் நின்று குதிக்கச் சொன்ன சோதனையை இயேசு மறுத்தது (மத்தேயு 4) இந்த விஷயத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை. தூதர்கள் தாங்குவார்கள் என்பதற்கு அங்கே வசன ஆதாரமும் காட்டப்பட்டது. ஆனாலும் அவர் குதிக்கவில்லை. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி பார்க்காமல், ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்று வேலையை உதறுவது அந்த உச்சியிலிருந்து குதிப்பதற்கு மிக நெருக்கமானது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவரும் (லூக்கா 14) அதே இயேசுதான்.

அப்படியானால் விசுவாசத்துக்குத் தீர்மானத்தில் இடமே இல்லையா? உண்டு. அதை நன்றாகக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள்.

கி.பி. 386இல் அகஸ்டின் மிலான் நகரில் சொல்லாட்சிக் கலைப் பேராசிரியர். பேரரசரின் அவை இருந்த ஊரில் மதிப்பும் வருவாயும் உள்ள பதவி. தோட்டத்தில் அழுது, வேதாகமத்தைத் திறந்து, ரோமர் நிருபத்தின் ஒரு பகுதியைப் படித்து மனம் மாறிய கதை பலருக்குத் தெரியும். மறுநாள் அவர் என்ன செய்தார் என்பது தெரிந்தவர்கள் குறைவு. பதவியை உடனே விடவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறத்தாழ மூன்று வாரம் இருந்தது. அதுவரை வகுப்பெடுத்தார். விடுமுறை முடிந்தபின், வேறு ஆசிரியரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிலான் மக்களுக்குச் சொல்லியனுப்பினார். மார்பு நோவையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். அந்தச் சில நாட்கள் தங்கியதையும் சிலர் குற்றமாகச் சொல்லக்கூடும் என்று பின்னாளில் தன் ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதினார். வேலையை விட்டபின் நண்பர் வெரகுந்துஸ் கொடுத்த நாட்டுப்புற வீட்டில் தாய், மகன், நண்பர்கள், மாணவர்களோடு தங்கினார். 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். மனமாற்றம் ஒரு நொடியில் நடந்திருக்கலாம். வேலை மாற்றத்துக்குத் தேதி பார்த்தார், தங்க இடம் பார்த்தார்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இதை ஒரு முறையாகவே எழுதிவைத்தார். 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியபோது அவர் படைவீரர். லொயோலா வீட்டில் படுக்கையில் கிடந்து, எந்தக் கனவு நெடுநேரம் மனநிறைவைத் தருகிறது, எது முடிந்ததும் வெறுமையை விட்டுச்செல்கிறது என்று தன்னையே கவனித்தார். 1548இல் அச்சான அவருடைய ‘ஆன்மப் பயிற்சிகள்’ இன்றைய எந்த வேலைவாய்ப்பு ஆலோசகருக்கும் உதவும். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. முன்பின் தெரியாத ஒருவன் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசி. மரணப் படுக்கையிலிருந்து இந்த நாளைத் திரும்பிப் பார். இரு பக்க நன்மை தீமைகளையும் நிறுத்துப் பார். அதன்பிறகு முடிவை ஜெபத்தில் வைத்து உறுதிகேள். பதவியை முதலில் விரும்பிவிட்டு, அதில் இருந்துகொண்டே தேவனைச் சேவிக்கலாம் என்பவர்களையும் அவர் எச்சரிக்கிறார். அவர்கள் தேவனைத் தங்கள் விருப்பத்துக்கு வளைக்கிறார்களாம். நம் ஜெபக் குறிப்புகளை இந்த ஒரு எச்சரிக்கையோடு படித்தால் பாதி உதிர்ந்துவிடும். அவர் சொன்னதைத் தன்மேலும் போட்டுப் பார்த்தவர். முப்பது வயதைக் கடந்தபின் பார்சிலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். அவருடைய சபைக்குப் போப்பின் ஒப்புதல் கிடைத்தது 1540இல்.

தாங்கும் பலத்துக்கு வேலூரைவிட அருகில் சான்று வேண்டாம். ஐடா ஸ்கடர் மிஷனெரி ஆக விரும்பாத இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை உள்ளே விட அவர்களுக்குச் சம்மதமில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று படித்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். சிறிது காலத்திலேயே தந்தை இறந்தார். கூட நின்று கற்றுத்தர இருந்தவர் போய்விட்டார். நோயாளிகளும் எளிதில் வரவில்லை. சம்பளக் கணக்கு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அந்த முதல் ஆண்டிலேயே கப்பல் ஏறியிருக்கலாம். 1918இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆனால் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லும்போது நாம் விட்டுவிடும் பக்கமும் உண்டு. ஸ்கடர் குடும்பம் தலைமுறையாக மருத்துவ மிஷனெரிக் குடும்பம். பின்னால் ஒரு மிஷன் சங்கம் இருந்தது. நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதில் எழுந்த மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. செபெதேயுவின் மகன்கள் தகப்பனைப் படகில் விட்டு இயேசுவுக்குப் பின்சென்றபோதுகூட, தகப்பனோடு கூலியாட்கள் இருந்ததை மாற்கு குறித்துவைக்கிறார். அந்தக் கூலியாட்களைப் பிரசங்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா’ என்று சொல்வது கேட்பவனுக்கு நியாயமல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவர் தனியார் நிறுவன வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தார். மனைவி பள்ளி ஆசிரியை. அவர் சம்பளத்தில் வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சியது மளிகைக்கே போதவில்லை. முதலில் வளையல், பிறகு சங்கிலி என்று நகைகள் அடகுக்கடைக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கயிற்றோடு வந்தவரைப் பார்த்து, எளிமையான சகோதரி என்று பாராட்டினார்கள். அழைப்பு கணவருக்கு வந்தது. உனக்கும் வந்ததா, அம்மா, என்று அவரை யாரும் கேட்கவில்லை. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்து சாப்பிட்டார். ஒருவருக்கும் பாரமாயிருக்கக்கூடாது என்று இரவும் பகலும் உழைத்ததாக எழுதினார். வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்வதை இரண்டாந்தரமாகப் பார்க்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இவ்வளவுக்கும் மேல், வேலையிழந்தவருக்குச் சபை செய்யும் உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த கம்பெனியில் சொல்லிவைப்பார்கள். பையனின் கட்டணத்தைப் பெயர் சொல்லாமல் கட்டுவார்கள். பதவிப்பெயர் போனபின் பலருக்குத் தாங்கள் யார் என்பதே கலங்கிவிடும். அங்கே அவர் இன்னும் சகோதரர்தான், அதே பெஞ்சில் இடம் உண்டு. இந்தப் பலத்தை மதிக்கிறவர்கள்தான் இதன் பெரிய குறையையும் சரிசெய்யவேண்டும். சாட்சி நேரத்தில் வென்றவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். வேலையை விட்டேன், ஆறு மாதத்தில் இருமடங்கு சம்பளம் கிடைத்தது என்பவருக்கு அல்லேலூயா. விட்டேன், கிடைக்கவில்லை என்பவர் பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறார். விசுவாசம் போதவில்லை என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. மேடையில் கேட்பதை மட்டும் வைத்து அடுத்தவர் தன் ராஜினாமாவை எழுதுகிறார்.

ஆயர்களையும் மூப்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வேலையை விடப்போவதாக ஒருவர் வந்து ஜெபிக்கச் சொன்னால், தலையில் கைவைப்பதற்கு முன் அவருடைய மனைவியையோ கணவரையோ தனியாகக் கேளுங்கள், கையிருப்பைக் கேளுங்கள். அடுத்த சாட்சி நேரத்தில், மாறிப்போய்த் தோற்றவர் ஒருவருக்கும் மைக்கைக் கொடுங்கள். அவர் பேசி முடித்ததும் யாரும் அவரைத் திருத்த எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.