கருவி காணாத பிழை

லைப்ரரியின் ஆவணக் கமெண்டுகளை கம்பைலர் பொருட்படுத்துவதில்லை. அவற்றில் ஓர் எழுத்து பிசகினால் என்ன குடிமுழுகிவிடும் என்பது பழைய கேள்வி. மனிதர்கள் படிக்கிறார்களே என்பதுதான் பதில். ஜாவாடாக்கும் பைத்தானின் டாக்ஸ்ட்ரிங்கும் சோர்ஸ் ஃபைலுக்குள்ளேயே கிடப்பதில்லை. கையேட்டுப் பக்கமாகவும், எடிட்டரில் ஒரு ஃபங்ஷன்மேல் மவுஸை வைத்ததும் விரியும் குறிப்பாகவும் பயனரிடம் போகின்றன. பிழையான சொல் தேடலிலும் சிக்காது. லினக்ஸ் கெர்னலின் பேட்ச் வழிகாட்டியே, ஏற்கத்தக்க சில்லறைத் திருத்தங்களில் கிரெப் தேடலைக் கெடுக்கும் எழுத்துப் பிழைகளைத் தனியே சேர்த்திருந்தது. ஆக, திருத்த வேண்டுமா என்பதில் சந்தேகமில்லை; திருத்தும் விதத்தில்தான் கோளாறு.

கோட்ஸ்பெல் போன்ற கருவிகள், வழக்கமான பிழைச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லா ஃபைல்களையும் சலித்துவிடும். ஆனால் 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஐயும் ஈயும் இடம் மாறியிருந்தால் யாருக்கும் பொருள் குழம்பாது. 'நாட்' என்பதன் கடைசி எழுத்து மாறி 'நவ்' ஆனாலோ, பல த்ரெட்களில் அழைக்கக் கூடாத ஃபங்ஷனை இனி அழைக்கலாம் என்றாகிவிடும். இரண்டும் அகராதிச் சொற்களே என்பதால் கருவி வாய் திறக்காது. பிழையே சரியாகிவிட்ட இடங்களும் உண்டு. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1945, ஹெச்டிடிபியின் 'ரெஃபரர்' ஹெடரில் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டிய இடத்தில் ஒன்றையே போட்டது. இன்றுவரை அந்தப் பெயர் அப்படியே நிற்கிறது. கமெண்டில் அதைத் திருத்துகிறவர், இல்லாத ஹெடரை வாசகருக்குக் கற்றுக்கொடுக்கிறார். பைத்தானின் டாக்டெஸ்ட், டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்ப்பது. அங்கே காட்டிய விடையில் ஓர் எழுத்தை மாற்றினால் டெஸ்டே தோற்றுவிடும்.

புதியவர்களுக்கு எழுத்துப் பிழை திருத்துவதுதானே முதல் படி என்பார்கள். உண்மைதான், ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றானதும் படி சந்தையாகிவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020இல் டி-ஷர்ட்டுக்காகப் பொருளற்ற மாற்றங்கள் குவிந்ததால், சம்மதித்த ப்ராஜெக்ட்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை நடுவழியில் மாற்ற நேர்ந்தது. எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு கலங்கும் என்ற ஆட்சேபத்துக்கு இன்று அவ்வளவு வலுவில்லை. 2019இல் வந்த கிட் 2.23, அந்த வரலாற்றைக் காட்டும் பிளேம் கட்டளையில் குறிப்பிட்ட கமிட்டை ஒதுக்க வழி தந்துவிட்டது. பராமரிப்பவரின் நேரத்தை ஒதுக்க அப்படியொரு வழி இல்லை. ஓரெழுத்து மாற்றத்தையும் அவர் திறந்து, படித்து, பதில் சொல்லியாக வேண்டும். எனவே பிழைகளைச் சேர்த்து ஒரே பேட்சாக அனுப்புவதே முறை. அதற்கும் முன்னால், திருத்த வருகிறவர் அந்த வரி விளக்கும் நிரலை ஒருமுறை படிக்கட்டும்.