கண்ணுள் வினைஞரும் காது கொடுக்கும் ஊரும்

1

"கண்ணால பார்க்க வேண்டியதக் காதுல சொல்லி என்ன பிரயோசனம்?" சமூக வானொலி நிலையம் ஒன்று பேசக் கூப்பிட்டபோது ஓவிய நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை. 'போய்ப் பேசிட்டுத்தான் வாங்களேன்' என்று சொல்லி வைத்தேன். அவர் பேசிய அரைமணி நேரத்தையும், அதே நிலையம் அந்த மாதத்தில் ஒலிபரப்பிய இன்னும் இரண்டு அரைமணிகளையும் பிறகு ஒலிப்பதிவில் கேட்டேன். ஒன்றில் அய்யனாருக்குப் புரவி செய்கிற வேளார் ஒருவர் பேசுகிறார். இன்னொன்றில் ஒரு பெண் மார்கழிக் கோலம் பற்றிச் சொல்கிறார். இந்தக் கட்டுரை அந்த மூன்று அரைமணிகளிலிருந்து கிளம்புகிறது. நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. என் விமர்சனம் அவர்களைப் பேச வைத்த, ஓரிடத்தில் பேச விடாமல் வைத்த ஏற்பாட்டின் மேல்தான்.

2

நண்பரின் கேள்விக்குப் பின்னால் ஒரு அனுமானம் இருக்கிறது. வானொலிக்குக் கண் கிடையாது. ஆகவே ஓவியத்தைப் பற்றிய வானொலிப் பேச்சு எப்போதுமே ஒரு குறைப்பேச்சு, இல்லாத படத்துக்குப் பதிலாக வைக்கப்படும் சொல் என்பது அது. ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1936இல் வெளியான தன் வானொலி பற்றிய நூலில் இதைத் தலைகீழாக்கினார். குருட்டுத்தன்மைதான் வானொலியின் பலம். கேட்கிறவன் மனசுக்குள் படம் ஓட்டிப் பார்த்து இட்டுநிரப்ப வேண்டிய அவசியமில்லை, ஒலியின் உலகம் தன்னளவில் முழுமையானது என்றார். இது நாடகத்துக்குப் பொருந்தலாம். ஒரு குறிப்பிட்ட ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது எப்படிப் பொருந்தும்? 1962இல் டேவிட் சில்வெஸ்டர் பிபிசிக்காக பிரான்சிஸ் பேக்கனைப் பேட்டி கண்டார். அங்கே தொடங்கிய உரையாடல்கள் பின்னால் புத்தகமாகி ஓவியர்கள் விரும்பிப் படிக்கிற பிரதியாயின. அதிலும் பேச்சு ஓவியருடைய மனசைச் சுற்றித்தான். படம் எங்கோ ஒரு காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

என் நண்பரும் அப்படித்தான் பேசினார். வெளி, அரூபம், கோட்டின் சுயேச்சை. நன்றாகவே பேசினார். ஆனால் அவர் படங்கள் சென்னையில் இருந்தன. கேட்டவர்கள் நிலையத்தைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து கிராமங்களில் இருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை.

3

கோலக்காரப் பெண்ணின் அரைமணி வேறு விதம். "நடுவுல பதினஞ்சு புள்ளி வச்சுக்குங்க. மேலயுங் கீழயும் ஊடுபுள்ளியா ஒண்ணொண்ணாக் கொறச்சு எட்டுல நிறுத்துங்க. வச்சாச்சா? இப்பக் கையை எடுக்காம வாங்க..." இந்தப் பேச்சு எதையும் வருணிக்கவில்லை. கோலம் அழகா, பழசா, அதற்கு என்ன தத்துவம் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்கிறவள் கையில் மாவு இருக்கிறது என்ற நம்பிக்கையில் பேசப்பட்ட பேச்சு. சங்கீதக்காரர்களுக்கு ஸ்வரக் குறிப்பு எப்படியோ அப்படி. கேட்ட ஒருத்தி கூப்பிட்டு, "அக்கா, என்னோடது கடைசியில கோணிக்கிச்சு, ஒரு புள்ளி மிச்சம் நிக்குது" என்கிறாள். "எட்டாவது வரிசையில எண்ணிப் பாரு, ஒம்போது வச்சிருப்ப" என்கிறார் இவர். காண்பியக் கலை ஒன்று முழுசாகக் காது வழியே போய் வாசலில் இறங்கிவிட்டது. மூலம் எது, நகல் எது? வாசலில் இருப்பதெல்லாமே மூலம்தான். மறுநாள் காலை பெருக்கிவிடுவார்கள்.

பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வானொலி பற்றிப் பேசியபோது ஆசைப்பட்டது இதைத்தான். ஒலிபரப்பு வெறும் விநியோகக் கருவியாக இருக்கிறது, அதைப் பரிமாற்றக் கருவியாக மாற்ற வேண்டும், கேட்கிறவனைப் பேச வைக்க வேண்டும் என்றார். அவர் கேட்டது சிக்கலான ஏற்பாடு. இங்கே மிச்சம் நின்ற ஒரு புள்ளி அதைச் செய்துவிட்டது.

4

வேளாரின் பேச்சில் இருந்தது மூன்றாவது வகை. அவர் வருணிக்கவும் இல்லை, செய்முறை சொல்லித் தரவும் இல்லை. சுட்டினார். "கம்மாக்கரைத் திருப்பத்துல தெக்கப் பாத்து ஒண்ணு நிக்கிதுல்ல, அது எங்கப்பா செஞ்சது. ஒத்தக் காது இருக்காது பாருங்க." உடனே ஓர் அழைப்பு. வயசான குரல். "அந்தக் காது நாங்க சின்னப் புள்ளையில கல்லெறிஞ்சு ஒடச்சதுதான்யா. ஆருகிட்டயும் சொன்னதில்ல." நிலையத்துப் பெண் சிரிக்கிறார், வேளார் சிரிக்கிறார். கலை விமர்சனம் என்று இதைச் சொல்ல நமக்குத் தயக்கமாக இருக்கும். இருக்கட்டும்.

பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டிய மண்டபம் ஒன்றைக் காட்டுகிறது. எழுத்துநிலை மண்டபம் என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் ஓவியத்தைச் சுட்டி இது யார் என்று கேட்கிறார்கள். கூட வந்தவர்கள் இவன் காமன், இவள் இரதி, இது பூனையாகப் போன இந்திரன், இவள் அகலிகை என்று சொல்கிறார்கள். தமிழில் ஓவியம் பற்றிய மிகப் பழைய பேச்சுகளில் ஒன்று இப்படி ஒரு கும்பலின் கேள்வி-பதிலாக இருக்கிறது. தீட்டியவன் குரலும் அங்கே இல்லை, ரசிகசிகாமணியின் குரலும் இல்லை. மதுரைக்காஞ்சி ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. பார்ப்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துகிறவர்கள் என்று நச்சினார்க்கினியர் பொருள் சொல்கிறார். பார்ப்பவனின் கண்ணில்தான் வேலை நடக்கிறதென்றால், அந்தக் கண் எங்கே குடியிருக்கிறது என்பது முக்கியமான கேள்வி.

இங்கேதான் சமூக வானொலியின் தொழில்நுட்பம் கோட்பாட்டுப் பிரச்சினையாகிறது. 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதன் கதிர்வீச்சுத் திறன் 100 வாட், கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்குள். ஐந்திலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான் எட்டும். இதை எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள். ஓவியம், சிற்பம் பற்றிப் பேச இதைவிடப் பெரிய வசதி கிடையாது. அகில இந்திய வானொலியின் நேயருக்குப் படம் இல்லாத ஒன்று. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் நேயருக்கோ அது சைக்கிளை மிதித்தால் போய்ப் பார்க்கக்கூடியது. பல சமயம் ஏற்கெனவே பார்த்தது. அங்கே சொல் படத்துக்குப் பதிலாக நிற்பதில்லை, படத்தை நோக்கி விரலை நீட்டுகிறது. சுட்டப்படும் பொருள் சுட்டுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் பொதுவாக இருக்கும்போதுதான் 'அந்தக் குதிரை' என்ற சொல்லுக்கு அர்த்தம். குறைந்த வீச்சு இந்தப் பொதுமையைக் காப்பாற்றுகிறது.

5

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினால் இது வாழ்த்துப்பா ஆகிவிடும். மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் கேள்விகளில் ஒரு பாகப்பிரிவினை தெரிகிறது. நண்பரிடம் கேட்கப்பட்டவை: உங்கள் பார்வை என்ன, யார் பாதித்தார்கள், இந்த நிறம் ஏன்? வேளாரிடம்: எத்தனை தலைமுறையாகச் செய்கிறீர்கள், எத்தனை நாள் ஆகும், என்ன விலை, அடுத்த தலைமுறை வருகிறதா? ஒருவருக்குத் தன்னிலை உண்டு, மற்றவருக்குப் பரம்பரை மட்டும் உண்டு. ஒருவர் யோசிக்கிறார், மற்றவர் செய்கிறார். இந்தக் காது ஏன் இப்படி, கழுத்தை ஏன் இவ்வளவு நிமிர்த்தினீர்கள் என்று வேளாரிடம் யாரும் கேட்கவில்லை. படம் என்ன விலை, யார் வாங்குகிறார்கள் என்று நண்பரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நண்பர் திணறியிருப்பார். அந்தத் திணறல் ஒலிபரப்பத் தகுந்தது.

இது நிலையத்துப் பெண்ணின் தவறென்று சொல்ல மாட்டேன். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்தே கலை, கைத்தொழில் என்ற கோடு அழிந்தும் திரும்பப் போடப்பட்டும் வந்திருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலத்தில் ஓவியர்கள் பிழைக்க உதவியது அவர்கள் செய்து விற்ற பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்கள்தான். ஆனால் வரலாற்றில் ஓவியம் பேசுகிறது, பாத்திக் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. நம் சிறுபத்திரிகைகள் மட்டும் யோக்கியமா? ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் நவீன இலக்கியத்தின் முகத்தை நினைக்கவே முடியாது. ஆனாலும் ஓவியர்களை அட்டையில் வைத்தோம். உள்ளே அவர்களுக்காக எழுத்தாளர்களே பேசினோம்.

6

இனி அந்த வெட்டு. வேளார் பிடிமண் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயிலிலிருந்து ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். "நாலு காலையும் மொதல்ல நிறுத்தி, அது இறுகுனப்புறம் வயித்த ஏத்துவோம். கண்ணு கடைசி. கண்ணத் தொறந்துட்டா அது எங்களுது இல்ல, ஊரோடது." நிலையத்துப் பெண் இயல்பாகக் கேட்கிறார்: "புரவி எடுப்பு அன்னைக்கு யாருய்யா தூக்குவாங்க?" "அது எல்லாருந் தூக்கிட முடியாது ஆத்தா. ஒரு வருசம் அதுலதான் தகராறாயி..."

அடுத்த நொடி ஒரு சினிமாப் பாட்டு.

பின்னால் விசாரித்தபோது, "ஊருக்குள்ள பிரச்சினையாயிரும் சார், லைசென்சுக்கும் ஆபத்து" என்றார்கள். டெல்லியிலிருந்து யாரும் வெட்டச் சொல்லவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக நிலையமும், 2008இல் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவும் வந்தன. ஆனால் 2006 விதிமுறை செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சி மூன்றையும் தடுத்தது. எது அரசியல் என்று முடிவு செய்யும் வேலை, கத்தரியோடு சேர்த்து, ஊர்ப் பெண் ஒருத்தியின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதிகாரம் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நம் கையாலேயே வெட்டுவது இப்படித்தான்.

வெட்டப்பட்டது என்ன? புரவி வெறும் மண்ணுருவம் கிடையாது. யார் மண் எடுத்துக் கொடுப்பது, யார் செய்வது, யார் தூக்குவது, யார் எட்ட நிற்பது என்ற உறவுகளின் மொத்தம் அது. அந்த உறவுகளைக் கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது உருவமும் 'பாரம்பரியமும்'. நகரத்து வரவேற்பறையில் நிற்கும் சுடுமண் குதிரைக்கும் அதே கதிதான். காட்சிக்கூடம் செய்வதை, அதற்கு மாற்று என்று வந்த ஊர் வானொலியும் செய்துவிட்டது. சாதியைப் பேசாமல் இந்தக் குதிரையின் அழகியலைப் பேச முடியாது. பேச முடியும் என்கிற அழகியல் யாருடையது என்று நமக்குத் தெரியும்.

7

அந்தப் பெண்ணைத் தைரியசாலியாக இரு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குச் சுலபம். ஊரில் இருக்கப் போகிறவர் அவர். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. வெட்டுகிற இடத்தில் பாட்டைப் போட்டு மூடாமல் ஐந்து வினாடி மௌனமாவது விட்டிருக்கலாம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த வருஷம் என்ன நடந்தது என்று தெரியும். மௌனத்தையும் அவர்கள் கேட்டிருப்பார்கள். ஒத்தைக் காதுக்குக் கூப்பிட்டதுபோல யாராவது ஒருத்தர் கூப்பிட்டிருக்கவும் கூடும்.

ஒலிப்பதிவை நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். தன் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேளாரின் பகுதியை இரண்டு தடவை கேட்டார். பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "இந்தக் கம்மாக்கரை எங்கய்யா இருக்கு? போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றார். போகலாம். போனால் அந்தக் குதிரையைப் பார்ப்பதோடு, அதை யார் தூக்கவில்லை என்றும் கேட்டுவிட்டு வர வேண்டும்.