மண்ணுக்கு இடம் விட்ட விடுதிகள்
இலங்கையின் ஹோட்டல் கட்டடக்கலை: மூன்று மரபுகள், ஓர் அளவுகோல்

அறைகள் குறைவு, கட்டணம் அதிகம், அலங்காரத்தில் தனித்தன்மை. பூட்டிக் ஹோட்டல் என்றால் உலகெங்கும் இவ்வளவுதான் இலக்கணம். இலங்கையில் அந்த இலக்கணம் போதாது. இந்தத் தீவின் சிறந்த விடுதிகளைக் கட்டியவர்களும் மீட்டெடுத்தவர்களும் தங்களுக்கு முன்னே அங்கிருந்த மலையையும் குளத்தையும் பழைய சுவரையும் வீட்டுக்காரர்களாக மதித்தார்கள். தங்களை விருந்தாளிகளாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பணிவுதான் இங்குள்ள அளவுகோல். அதை வைத்து மூன்று மரபுகளைப் பார்க்கலாம்.

கோட்டையும் துறைமுகமும்

முதல் மரபு கப்பலோடு வந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தெருவோரங்களில் அமைத்த வாடிவீடுகள் உள்நாட்டுப் பயணிக்கு நிழல் கொடுத்தன. கடல் பயணிக்கு 1864இல் கொழும்பில் காலிமுகத்திடல் ஹோட்டல் திறந்தது. கல்கிசையில் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, இன்று மவுண்ட் லவினியா ஹோட்டலாக நிற்கிறது.

இந்த மரபின் உச்சம் காலிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றில் 1860களில் தொடங்கிய நியூ ஓரியண்டல் ஹோட்டல், நீராவிக் கப்பல்கள் காலியில் நங்கூரமிட்டவரை நிரம்பி வழிந்தது. 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்து முடிந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி அயர்ந்தது. அந்த அயர்வே கோட்டையைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். பணம் வந்திருந்தால் பழைய வீடுகள் இடிந்திருக்கும். 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2000களின் நடுப்பகுதியில் அதே ஹோட்டல் அமன்கல்ல என்ற பெயரில் மறுபடி திறந்தபோது, உயர்ந்த கூரை, பலகைத் தரை, தெருவைப் பார்த்த நீண்ட விறாந்தை எல்லாம் அப்படியே விடப்பட்டன. அதன் பிறகு கோட்டையின் பல பழைய வீடுகள் நாலு அறை, எட்டு அறை விடுதிகளாக உயிர்பெற்றன. உள்ளதைக் கெடுக்காமல் துடைத்து வைப்பது இந்த மரபின் திறமை.

பாவாவின் பள்ளி

இரண்டாவது மரபு ஒரு மனிதரிடமிருந்து கிளைத்தது. ஜெஃப்ரி பாவா 1919இல் பிறந்தவர், முதலில் சட்டத்தரணி. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ வாவிக் கரையில் லுணுகங்க என்ற பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதை ஒரு பூங்காவாக்க முனைந்தார். ஆசை இருந்தது, தொழில்நுட்ப அறிவு இல்லை. அதைத் தேடி லண்டன் போய், 1957இல், 38 வயதில் கட்டடக்கலைஞராகத் திரும்பினார். தோட்டக்காரராகத் தொடங்கியவர் என்பதால் அவருக்குக் கட்டடம் எப்போதும் இரண்டாவதுதான், நிலம்தான் முதலாவது.

1960களின் கடைசியில் நாடு உல்லாசப் பயணத்துறைக்குக் கதவு திறந்தபோது, பெந்தோட்டை பீச் ஹோட்டலை அவர் கட்டினார். ஆற்றுமுகத்தில் ஒரு சிறு மேடு. கீழ்ப்பகுதியில் கோட்டை மதில் போலக் கருங்கல் சுவர், மேலே ஓட்டுக்கூரை, நடுவே தண்ணீர்த் தடாகமுள்ள முற்றம். வரவேற்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் உட்கூரை முழுக்க பத்திக் துணி. ஈனா டி சில்வாவின் பட்டறையில் மெழுகு தீட்டிச் சாயம் தோய்த்த துணிகள் அவை. கடும் வெயிலில் கருங்கல் வாசலைக் கடந்து வருபவருக்கு அந்த நிறங்கள் தலைக்குமேல் விரியும். இலங்கையின் கைவினை சுவரில் மாட்டும் நினைவுப்பொருளாக இல்லாமல், கட்டடத்தின் உறுப்பாகவே வந்தது அங்கேதான். லக்கி சேனாநாயக்கவின் சிற்பமும் பாபரா சன்சோனியின் கைத்தறியும் பாவாவின் பணிகளில் இப்படித்தான் இடம்பிடித்தன. பிற்காலத் திருத்தங்களில் உருமாறிப்போன அந்த ஹோட்டல், பாவாவிடம் பயின்ற சன்ன தஸ்வத்தவின் வழிநடத்தலில் சீரமைந்து 2019 இறுதியில் மீண்டும் திறந்தது.

இந்தப் பள்ளியில் ஒரு தமிழர் பெயரை மறக்கக்கூடாது. பாவாவின் பங்காளியாக நெடுங்காலம் இருந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். பாவா கண்ணால் கண்டதைக் கணக்கில் நிற்கவைத்தவர் அவர். தமிழ்நாட்டிலும் இந்தப் பள்ளியின் தடம் உண்டு: மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காகப் பாவா மதுரையில் வடிவமைத்த கிளப், இன்று ஹெரிட்டன்ஸ் மதுரை ஹோட்டல்.

எல்லாவற்றுக்கும் மேலானது கண்டலம ஹோட்டல். முதலில் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில்தான் கட்டச் சொன்னார்கள். பாவா மறுத்தார். ஹெலிகொப்டரில் சுற்றிப் பார்த்து, பழைய குளமான கண்டலம வாவியின் மறுகரையில் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து சிகிரியா தொலைவில் தெரியும். ஹோட்டல் கட்டினால் குளத்து நீர் கெடும், ஊர் கெடும் என்று 1990களின் தொடக்கத்தில் சூழலியலாளரும் பிக்குமாரும் ஊராரும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. அவ்வளவு கண்கள் பார்த்திருக்கக் கட்டியதால் கழிவுநீர் முதல் மரம்வரை எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஹோட்டல் 1994இல் திறந்தது.

152 அறைகள், ஆகவே எண்ணிக்கையில் அது பூட்டிக் ஹோட்டல் ஆகாது. ஆனால் பின்னால் வந்த சிறு விடுதிகள் பலவற்றுக்கும் பாடநூல் அதுதான். ஒரு கிலோமீற்றர் அளவுக்கு மலையை ஒட்டி நீளும் அந்தக் கட்டடத்துக்கு முகப்பு என்று ஒன்றில்லை. குகைவாய் போன்ற வழியால் உள்ளே போகிறோம். நடைகூடத்தில் ஒரு பக்கம் சுவரே இல்லை, மலைப்பாறை அப்படியே உள்ளே வந்து நிற்கிறது. கட்டடம் தூண்களில் உயர்ந்து நிற்பதால் மலையில் பெய்த மழை அடியால் ஓடிக் குளத்தைச் சேர்கிறது. வெளிப்புறச் சட்டங்களில் கொடிகள் படர்ந்து, தட்டைக் கூரைகளில் செடி வளர்ந்து, வாவியின் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. படிக்கட்டின் மேலே லக்கி சேனாநாயக்கவின் பெரிய ஆந்தை சிறகு விரித்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஒன்றைக் கட்டிவிட்டு அதை மறைக்கவும் முடிந்ததே, அதைத்தான் நான் மேதைமை என்கிறேன்.

தேயிலை மலை

மூன்றாவது மரபு குளிர்நாட்டில். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், சுமார் 6,800 அடி உயரத்தில், மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. தொழிற்சாலையின் மேல்மாடிகள் கொழுந்து வாட்டும் இடங்கள். பறித்த கொழுந்தைப் பரப்பி, காற்றோட்டத்தில் ஈரம் உலர்த்த வேண்டும். அதனால்தான் நீள வரிசையாக அத்தனை ஜன்னல்கள். அந்த மாடிகளே இன்று அறைகள். கொழுந்துக்குக் காற்று கொடுத்த ஜன்னல் இப்போது விருந்தினருக்குத் தேயிலைச் சரிவைக் காட்டுகிறது. இரும்புத் தூண்களையும் பழைய இயந்திரங்களையும் அகற்றவில்லை. கட்டடம் என்ன வேலை செய்தது என்பதை மறைக்காமல் சொல்வதால் இந்த விடுதிக்கு நேர்மை இருக்கிறது.

அதே மரபின் மறு கிளை, தோட்டத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள். நோர்வூட், காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கத்துப் பழைய பங்களாக்களை டில்மா நிறுவனத்தார் 2005 முதல் சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் விடுதிகளாக்கினார்கள். ஒரு பங்களாவில் சில அறைகள், ரோஜாத் தோட்டம், கணப்படுப்பு, கீழே நீர்த்தேக்கம். காட்சிக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் என் அளவுகோலைக் கொஞ்சம் நீட்டுகிறேன். அந்தப் பச்சைச் சரிவு இயற்கை தந்த காட்சி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழகத்தின் கிராமங்களிலிருந்து நடந்து வந்த மக்களின் கைகள் காடு வெட்டி, கோப்பி நட்டு, பின் தேயிலை நட்டு உருவாக்கிய நிலம் அது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்னும் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் லயன் அறைகளில் வாழ்கிறார்கள். பங்களாவின் வரலாற்றைப் பேசும் விடுதி, லயத்தின் வரலாற்றையும் அதே மரியாதையோடு பேச வேண்டும். ஊரின் இளைஞருக்கு மேசைப் பணியில் மட்டுமல்ல, நிர்வாகத்திலும் இடம் வேண்டும். மலையை மதித்துக் கட்டியவர்கள் மலையகத்தாரையும் மதித்தால்தான் அந்த மரபு முழுமை பெறும்.

நாற்சார் வீட்டின் முறை

ஆக, நல்ல விடுதிக்கு நான்கு தகுதிகள்: நிலத்தை வெட்டிச் சமன்செய்யாமல் அதற்கேற்ப அமைவது, விறாந்தையும் முற்றமும் தாழ்வாரமும் வைத்து, குளிரூட்டியை நம்புமுன் காற்றை நம்புவது, உள்ளூர்க் கைவினைஞருக்குச் சுவரையும் கூரையையும் ஒப்படைப்பது, சுற்றியிருக்கும் மக்களைக் கதையிலும் வருமானத்திலும் சேர்ப்பது.

இவற்றில் முதல் மூன்றுக்கும் உரிய கட்டட அறிவு யாழ்ப்பாணத்திடம் எப்போதோ இருந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் சார்ப்பு இறங்கும் நாற்சார் வீடு, திண்ணை, தலைவாசல், சுண்ணாம்புச் சாந்துச் சுவர், பனைமரக் கைமரம். போரில் பல இடிந்தன. மிஞ்சியவற்றில் பல, வெளிநாடு போன உரிமையாளரின் முடிவுக்குக் காத்திருக்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டை, ஒரு காலத்தில் சிறை, இன்று விடுதி. கோட்டைக்கு வந்த வாழ்வு வீட்டுக்கும் வரலாம்.

வழிகாட்டவும் ஒரு முன்னுதாரணம் உண்டு. ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய முற்றத்து வீடு, நின்ற இடத்தில் நிற்க முடியாத நிலை வந்தது. அதைக் கல் கல்லாக, மரம் மரமாகக் கழற்றி, இலக்கமிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பினார்கள். இன்று அங்கே விருந்தினர் தங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: இடிக்க முடிவெடுக்கும் முன் ஒரு கட்டடக்கலை மாணவரையாவது அழைத்து வீட்டை அளந்து வரைபடம் எடுத்து வையுங்கள். முடிந்தால் விற்காதீர்கள், ஓடு மாற்றி, முற்றத்தைத் துப்புரவாக்கி, இரண்டு அறைகளையாவது விருந்தினருக்குத் திறந்து விடுங்கள். இலங்கையின் நான்காவது மரபு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.